640 கிராமுக்காகக் கியர்பாக்ஸைப் பிரித்த கதை

காய்கறிக் கடைத் தராசு 15.640 என்று காட்டியது. வரம்பு 15 கிலோ. தக்காளிக் கூடையை ஓரமாக நகர்த்தி எங்களுக்கு இடம் கொடுத்திருந்த கடைக்கார அக்கா எண்ணைப் பார்த்தார், தராசின்மேல் சப்பையாக உட்கார்ந்திருந்த ரோபோவைப் பார்த்தார், "கிலோ என்ன விலை?" என்று கேட்டார். எங்கள் ஆறு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் இருந்த தராசு 5 கிலோவுக்கு மேல் தாங்காது. ரோபோவைப் பாகம் பாகமாகக் கழற்றி நிறுத்தால் கூட்டலில் எப்போதும் நாலு போல்ட் விடுபட்டுப்போகும். அக்காவின் தராசு 30 கிலோ வரை, ஐந்து ஐந்து கிராமாக நிறுக்கும். தவறாமல் முத்திரையும் வாங்கி வைத்திருந்தார். கோவையில் படித்த காலம் முழுவதும் அதுதான் எங்கள் எடைமேடை.

நாங்கள் செய்தது சண்டை ரோபோ. பாலிகார்பனேட் கூண்டுக்குள் இரண்டு ரோபோக்களை விட்டு மூன்று நிமிடம் மோதவிடும் போட்டி, மும்பையில். முன்பக்கம் 4 கிலோ எடையில் சுழலும் இரும்பு டிரம், பின்னால் இரண்டு சக்கரங்கள், சக்கரத்துக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு கியர்பாக்ஸ். விண்ணப்பத்தில் ஒரு கம்பீரமான ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தோம். எங்களுக்குள் அதன் பெயர் எருமை.

கணினி வரைபடத்தில் எருமையின் எடை 14.7 கிலோதான். வரைபடத்தில் ஒயருக்கு எடை இல்லை, ஈயப் பற்றுக்கு எடை இல்லை, கிரீஸுக்கும் வெல்டிங் வைத்த மேட்டுக்கும் எடை இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வரும் என்பது தராசில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது.

அன்று இரவு விடுதி மொட்டைமாடியில் கூட்டம். யார் பங்கிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதுதான் விஷயம். பாகப்பிரிவினை நடக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. டிரம்முக்குப் பொறுப்பானவன், அதில் ஒரு கிராம் குறைத்தாலும் அடியின் வேகம் குறையும் என்றான். கவசத் தகட்டைச் செய்தவள், தகட்டைக் குறைத்தால் பேட்டரி தீப்பிடிக்கும் என்றாள். பேட்டரிக்காரன் எதுவும் பேசவில்லை, பேட்டரியை வெட்ட முடியாது என்ற தைரியம். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் என் பொறுப்பு. மோட்டாரோடு சேர்த்து ஒவ்வொன்றும் 2 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து டிரம் அளவுக்குக் கனம், அடிக்கிற வேலையோ ஒன்றும் இல்லை. எனக்கே மறுக்க முடியவில்லை.

உள்ளே இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் கணக்குக்குத் தேவைப்படும். மோட்டார் 775 ரகம், சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று. அதன் அச்சில் 14 பல் பினியன் (ஜோடியில் சிறிய கியர்), அது 70 பல் கியரைச் சுற்றும். அந்த 70 பல் கியர் இருக்கும் நடு ஷாஃப்டில் இன்னொரு 14 பல் பினியன், அது 49 பல் கியரைச் சுற்றும். முதல் கட்டத்தில் ஐந்து மடங்கு, இரண்டாம் கட்டத்தில் மூன்றரை மடங்கு, ஆக 17.5. சக்கரம் 100 மி.மீ. காகிதக் கணக்கில் நொடிக்கு 5.4 மீட்டர் ஓட வேண்டும். இரண்டு பெரிய கியர்களும் ஈ.என். 8 எஃகு, இரண்டும் 12 மி.மீ. கனம். முதல் கட்டக் கியர் 352 கிராம், இரண்டாவது 383 கிராம். இவையெல்லாம் நிற்பது 8 மி.மீ. அலுமினியத் தகடுகள் இரண்டுக்கு நடுவில்.

நான் முதலில் கை வைத்தது அந்தத் தகடுகளில்.

காரணம் வெட்கக்கேடானது. இணையத்தில் வெளிநாட்டு அணிகளின் ரோபோப் படங்களைப் பார்த்திருந்தேன். தகடு முழுக்க முக்கோண ஜன்னல்கள், நடுவே மெல்லிய விலா எலும்புகள், ரயில் பாலத்தைப் போல. பார்த்தாலே இலேசாகத் தெரியும். எங்களிடம் நான்கு தகடுகள், ஒவ்வொன்றும் 257 கிராம். ஜன்னல் வெட்டினால் தகட்டுக்கு 60 கிராம், மொத்தம் 240 கிராம் போய்விடும் என்று கணினி சொன்னது. கல்லூரியின் சி.என்.சி. மில்லிங் எந்திரம் இரண்டு பிற்பகல் காலியாகக் கிடைத்தது. வெட்டி முடித்து, பிசிறு தட்டி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து ஜன்னலோரத்தில் அடுக்கி வைத்தேன். அவ்வளவு அழகு. ஆறு பேரும் படம் எடுத்துக்கொண்டோம். தகடு எந்த ரக அலுமினியம் என்று யாரும் கேட்கவில்லை. துண்டு அலுமினியம் எடைக்குப் போடும் கடையில் வாங்கியது, விற்றவருக்கே தெரியாது.

சோதனைக்கு, பணிமனைக்குப் பின்னால் பழைய லாரி டயர்களை அடுக்கி அதில் எருமையை மோதவிட்டோம். முதல் மோதல் நன்றாக இருந்தது. இரண்டாவது, அதைவிட நன்றாக. மூன்றாவது மோதலில் வலது பக்கத்திலிருந்து மிக்ஸியில் கல் விழுந்தது போல ஒரு சத்தம். அப்புறம் எருமை இடது காலால் மட்டும் நடந்தது.

பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் கட்ட 14 பல் பினியனில் நான்கு பற்களின் நுனி காணோம். உடைந்த துணுக்குகள் கிரீஸோடு கிரீஸாகக் கிடந்தன, பல்லிடுக்கில் மாட்டிய முறுக்குத் துண்டு மாதிரி. முதலில் பினியனைத்தான் சந்தேகித்தேன். பிறகு வெர்னியரை எடுத்து இரண்டு பேரிங் குழிகளுக்கு இடையே அளந்தேன். நடுவிலிருந்து நடு 47.25 மி.மீ. இருக்க வேண்டும். 47.60 இருந்தது. மறுபடி அளந்தேன், மறுபடியும் அதுதான்.

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கியர்கள், சுற்றுவதோடு ஒன்றையொன்று விலக்கித் தள்ளவும் செய்யும். பல்லின் பக்கம் சாய்வாக இருப்பதால் வரும் வினை அது. வழக்கமான 20 டிகிரி சாய்வுக்கு, பல் 100 பங்கு விசையில் தள்ளினால் அதில் 36 பங்கு அளவுக்கு ஷாஃப்டுகளை விலக்கும் விசை கிடைக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது தகட்டில் இரண்டு பேரிங் குழிகளுக்கு இடையில் இருக்கும் அந்தக் குறுகிய பகுதி மட்டும்தான். என் அழகான முக்கோணங்களில் ஒன்று சரியாக அங்கேதான் விழுந்திருந்தது, 3 மி.மீ. விலா எலும்பு ஒன்றை விட்டுவைத்து. மோதும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து கொடுத்திருக்கிறது. ஷாஃப்டுகள் விலக விலக, பல்லோடு பல் தொடும் இடம் அடியிலிருந்து நுனிக்கு நகர்ந்திருக்கிறது. நுனியில் அழுத்தினால் எதுவும் எளிதில் ஒடியும். கூரையின் கனத்தைக் குறைக்கப் போய் நடுத்தூணை உருவியிருக்கிறேன்.

நல்ல பினியன் கைவசம் இல்லாததால் மறுநாள் கோவையின் கணபதிப் பகுதிக்குப் போனேன். எங்கள் கியர்களை வெட்டிக் கொடுத்த பட்டறை அங்கே ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு லேத், கியருக்குப் பல் வெட்டும் ஹாபிங் எந்திரம் ஒன்று, வாசலில் எண்ணெய் குடித்துக் கறுத்த மண். பஞ்சாலை எந்திரங்களுக்கான கியர்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. எங்கள் வேலையைப் பட்டறைக்கார அண்ணா ஒரு வேடிக்கைக்காக எடுத்திருந்தார் என்று நினைக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியவர். எதையும் பேசுவதற்கு முன்னால் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார்.

அன்றும் 70 பல் கியரை வாங்கி உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் எழுப்பிப் பார்த்தார். மறு கையில் 49 பல் கியர்.

"வெட்டும்போதே கேட்க நினைத்தேன், அம்மிணி. இரண்டுக்கும் எதற்கு ஒரே கனம்?"

80 மி.மீ. உருண்டைக் கம்பி ஒன்றை வாங்கி, அதிலிருந்தே எல்லாவற்றையும் ஒரே அளவாக அறுத்தால் வேலை சுலபம் என்பதால், என்றேன்.

"அது என்னுடைய காரணம். உங்களுடைய காரணம் என்ன?"

என்னிடம் காரணம் எதுவும் இல்லை. கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். டீ வந்தது, குடித்தேன், பஸ் பிடித்து விடுதிக்கு வந்து கணக்கு நோட்டைத் திறந்தேன். இயந்திர வடிவமைப்புப் பாடத்தில் தேர்வுக்குப் படித்து மறந்த, கியர் பல் எவ்வளவு விசை தாங்கும் என்று சொல்லும் லூயிஸ் சூத்திரம்தான். அதை இப்போது என் கியருக்கே போட்டுப் பார்த்தேன்.

மோட்டாரின் முறுக்குவிசையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பினியனின் ஆரம் 7 மி.மீ. அங்கே பல்லின்மேல் விழும் விசை ஒன்றின்கீழ் ஏழு. நடு ஷாஃப்டுக்கு வரும்போது முறுக்குவிசை ஐந்து பங்காகிவிடும். இரண்டாவது பினியனின் ஆரம் 10.5. ஐந்தின்கீழ் பத்தரை. இரண்டையும் ஒப்பிட்டால், இரண்டாம் கட்டப் பல் முதல் கட்டப் பல்லைப் போல 3.3 மடங்கு விசையைத் தாங்குகிறது. அதன் பல் பெரியது (பல்லின் அளவைச் சொல்லும் மாடியூல் எண் முதல் கட்டத்தில் 1, இரண்டாவதில் 1.5) என்பதைக் கழித்தாலும் 2.2 மடங்கு உழைப்பு. இரண்டாம் கட்டத்துக்கு 12 மி.மீ. அகலம் போதும் என்றால், முதல் கட்டத்துக்கு ஐந்தரை மி.மீ. இருந்தாலே சமம். நான் கொடுத்திருந்தது 12. மீதி ஆறரை மி.மீ. எஃகு வருமானமில்லாத உறவினரைப் போல ஒரு வேலையும் செய்யாமல், நிமிடத்துக்கு 3,600 தடவை சுற்றிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தபோது இரவு ஒரு மணி. அறைத்தோழியை எழுப்பிச் சொன்னேன். அவள் உயிர்த்தொழில்நுட்ப மாணவி. "நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அலுமினியத்தில் கியர் செய்தால் என்ன என்று அணியில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கலந்துகொள்ளும் எஃப்.ஆர்.சி. போட்டிகளில் 7075 ரக அலுமினிய கியர்கள் சர்வ சாதாரணம். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ரோபோக்கள் பந்து எறிகின்றன, சட்டத்தில் ஏறுகின்றன. முட்டினாலும் சுற்றிலும் மெத்தை கட்டியிருக்கிறது. சுழலும் இரும்பால் யாரும் அவற்றை அடிப்பதில்லை. அதோடு, எடைக்கு வாங்கிய பெயர் தெரியாத அலுமினியம் என்ன செய்யும் என்பதை ஒரு முறை பார்த்தாயிற்று. எஃகிலேயே இருப்போம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

மறுபடி கணபதி. 70 பல் கியரை 6 மி.மீ. ஆக்கிக் கொடுங்கள் என்றதும் அண்ணா தலையாட்டினார், பிறகு நடுவில் விரலை வைத்தார். "குடத்தில் கை வைக்காதீர்கள். வண்டிச் சக்கரத்தில் குடத்தைச் செதுக்குவார்களா?"

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சொல்கிறார். நடுவில் தடித்த குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை. எங்கள் கியர் ஷாஃப்டின்மேல் சாவி (இரண்டும் சேர்ந்து சுற்ற இடையில் செருகும் சிறு எஃகுக் கட்டை) வைத்துப் பூட்டப்பட்டது. பல்லின் அகலத்தோடு சேர்த்து நடுப்பகுதியையும் 6 மி.மீ. ஆக்கினால் சாவி பிடித்துக்கொள்ளும் நீளமும் பாதியாகிவிடும். பல் பிழைக்கும், சாவிக்குழி நசுங்கிவிடும். ஆக நடுவில் 24 மி.மீ. விட்டத்துக்குக் குடத்தை 12 மி.மீ. கனத்திலேயே விட்டு, மற்றதை மட்டும் சீவுவது என்று முடிவாயிற்று. கியருக்கு 16 கிராம் நஷ்டம். எனக்கு அந்த 16 கிராம்மேல் இன்றுவரை வருத்தம் இல்லை.

பல் வெட்டிய கியரை லேத்தில் முகம் சீவுவது சுகமான வேலை இல்லை. உளி உலோகத்தில் தொடர்ச்சியாக ஓடாது. பல், இடைவெளி, பல், இடைவெளி என்று சுற்றுக்கு எழுபது முறை முட்டும். டர்னர் அண்ணன் முதலில் கார்பைடு முனை போட்டார். இரண்டாவது சீவலில் அதன் மூலை பெயர்ந்துபோனது. முனகிக்கொண்டே வேகத்தைக் குறைத்து, ஹைஸ்பீடு உளியைச் சாணையில் தீட்டி மாட்டினார். டகடகவென்று இருந்த சத்தம் மெல்ல ஒரு ரீங்காரமாக மாறியது. உளி பல் பகுதியைத் தாண்டி உள்ளே வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கி, நீலமாய்ச் சுருள் சுருளாகச் சீவல் வந்தது. அந்த இடத்தில் மட்டும் அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

சீவி முடித்ததும் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் நகத்துண்டு போலப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அது உடைந்து உள்ளே விழுந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து ஊசி அரத்தால் நானே எடுத்தேன். கியருக்கு 70 பல், இரண்டு கியர், 140. ஒரு பல்லுக்கு இரண்டு பக்கம். பத்துப் பல் முடிந்ததும் பழைய பனியன் துணியால் ஓரத்தை வழித்துப் பார்ப்பேன். நூல் மாட்டினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது. அரைமணியில் முடியும் என்று உட்கார்ந்தவள், எழுந்தபோது பட்டறையில் விளக்கு போட்டிருந்தார்கள். கட்டைவிரலில் மெல்லிய வெட்டுகள், எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபோதுதான் எத்தனை என்று தெரிந்தது. கியர் 352 கிராமிலிருந்து 192 கிராமுக்கு வந்திருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 320 கிராம். தேவையில் சரியாகப் பாதி.

49 பல் கியரின் அகலத்தைத் தொட முடியாது, அதுதான் உழைக்கிற கியர். ஆனால் அதன் வயிற்றில் இடம் இருந்தது. இங்கேதான் ஓட்டை போடுவது. ஓட்டை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. பல்லின் அடிக்குக் கீழே, பல்லின் முழு உயரத்தைப் போல 1.2 மடங்காவது கெட்டியான விளிம்பு மிஞ்ச வேண்டும். அதற்குக் குறைந்தால் பல் வளையும்போது விளிம்பும் சேர்ந்து வளைய ஆரம்பித்து, பல்லின் அடியில் அழுத்தம் ஏறிவிடும். எங்கள் பல்லின் உயரம் சுமார் 3.4 மி.மீ., ஆகவே விளிம்பு 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நடுவில் குடத்துக்கும் விட்டதுபோக 16 மி.மீ. ஓட்டைகள் ஆறுக்கு இடம் கிடைத்தது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஆறு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான ஆரக்கால். எட்டு ஓட்டை போட்டு இடியாப்பத் தட்டாக்கலாம் என்ற ஆசை வந்தது. டயர் அடுக்கின் சத்தம் நினைவில் இருந்ததால் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டைகளின் ஓரங்களையும் மழுக்கினோம், கூரான விளிம்பில்தான் விரிசல் பிறக்கும். கியருக்கு 113 கிராம் போனது.

பேரிங்குகள் சுலபம். கடையில் முதலில் கொடுத்தது 6202, ஒன்று 45 கிராம். அதே 15 மி.மீ. ஷாஃப்டுக்கு 6002 பொருந்தும், அது 30 கிராம். நான்கு பேரிங்குக்கு 60 கிராம் வெறும் சில்லறைச் செலவில் போயிற்று. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஷாஃப்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்த சண்டைக்கு அதுதான் மூலம். சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்ட் 15 மி.மீ. விட்டம், 110 மி.மீ. நீளம். உருண்டைக் கம்பி ஒன்று முறுக்கப்படும்போது சுமையைத் தாங்குவது பெரும்பாலும் அதன் தோல்தான். நடுவில் இருக்கும் உலோகம் சும்மா கூட வருகிறது. விட்டத்தில் பாதி அளவுக்கு, அதாவது 7.5 மி.மீ.க்கு, நடுவே துளையிட்டால் எடையில் கால் பங்கு போய்விடும். பலத்தில் போவதோ பதினாறில் ஒரு பங்கு. நூற்றுக்கு ஆறேகால். முறுக்குவதற்கும் வளைப்பதற்கும் இதே கணக்குதான். மூங்கில் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

110 மி.மீ. ஆழத்துக்கு ஒரே பக்கத்திலிருந்து துளையிட்டால் டிரில் வழி தவறிப் போய்விடும் என்று டர்னர் அண்ணன் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகப் போட்டார். துளைகள் நடுவில் சந்திக்கின்றனவா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஷாஃப்டைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து ஒரு 7 மி.மீ. டிரில் பிட்டைப் போட்டார். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே இருந்த தட்டில் 'டிங்' என்று விழுந்தது. இரண்டாவது ஷாஃப்டிலும் 'டிங்'. ஒவ்வொன்றும் 38 கிராம் குறைவு. கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் வாங்கினார். உடைந்த கார்பைடு முனையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முக்கோண ஜன்னல் தகடுகளை எடுத்து வைத்துவிட்டுப் பழையபடி முழுத் தகடுகளையே வெட்டினேன். இந்தத் தடவை பெயர் தெரிந்த 6061. கஷ்டப்பட்டுக் குறைத்த 240 கிராமைத் திருப்பிக் கொடுப்பதற்கு அணியில் பெரிய எதிர்ப்பு. வெர்னியரையும் உடைந்த பினியனையும் மேசைமேல் வைத்தேன், பேச்சு நின்றது.

அக்காவின் தராசில் 14.960.

கைதட்டல் ஒரு நிமிடம் கூட நீடிக்கவில்லை, அதற்குள் அந்த 40 கிராம் யாருக்கு என்று தகராறு. டிரம்முக்கு வேண்டும் என்றான் டிரம்காரன். ஒயரைப் பிடிக்க இன்னும் இரண்டு கிளிப் வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. ஒருவருக்கும் இல்லை, மும்பைத் தராசு எப்படி இருக்கும் என்று தெரியாது, அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அக்கா ஒரு கிலோ தக்காளி கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பெரிய லித்தியம் பேட்டரிகளோடு விமானத்தில் ஏறுவது தொல்லை என்பதாலும், விமானத்துக்குக் காசு இல்லை என்பதாலும் குர்லா எக்ஸ்பிரஸில் போனோம். முப்பது மணி நேரத்துக்கும் மேல். எருமை கீழ்ப் படுக்கைக்கு அடியில், போர்வை சுற்றி. போட்டித் தராசில் 14.985 காட்டியது. அக்காவின் தராசுக்கும் மும்பைக்கும் 25 கிராம் வித்தியாசமா என்று வியந்தேன். ஊர் திரும்பிப் பிரித்தபோது டிரம்மின் அச்சில் இரண்டு தடித்த வாஷர்கள் கூடுதலாக இருந்தன. யார் வேலை என்று விசாரிக்கவே தேவை இருக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் எதிரியின் சங்கிலி தானாகவே கழன்றுகொண்டது, ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டத்தில் எதிரே வந்தது செங்குத்தாகச் சுழலும் தட்டு வைத்த ஒரு ரோபோ. நாற்பது நொடிக்குள் எங்கள் வலது சக்கரத்தைக் கீழிருந்து மேலாக ஒரு போடு போட்டது. எருமை ஒரு முழ உயரம் எழும்பி விழுந்தது. விழுந்த பிறகு சக்கரம் கவசத் தகட்டில் உரசி நின்றுவிட்டது. ஒரே காலில் வட்டமடித்தது. நடுவர் பத்து எண்ணினார்.

அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடத்துக்குத் திரும்பி முதலில் கியர்பாக்ஸைத்தான் திறந்தேன். கை கொஞ்சம் நடுங்கியது. 49 பல் கியரின் பற்களில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிக் கோடு போலப் பளபளப்பு, பல்லின் உயரத்தில் நடுவே, அகலம் முழுக்க ஒரே சீராக. தொட வேண்டிய இடத்தில்தான் தொட்டிருக்கிறது. 70 பல் கியரில் அரம் போட்ட கோடுகள் கூட இன்னும் அழியவில்லை. நடு தூரம் 47.25. எல்லாம் சரியாக இருந்தது, ஷாஃப்ட் மட்டும் பேரிங்குக்கு வெளியே, சக்கரம் மாட்டும் பக்கத்தில் வளைந்திருந்தது.

டிரம்காரன் அதைக் கையில் வாங்கி, துளைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓட்டை போட்டாயே" என்றான்.

நூற்றுக்கு ஆறேகால்தான் குறைந்தது, அந்த அடிக்கு முழுக் கம்பியும் வளைந்திருக்கும் என்று அங்கேயே, மற்ற அணிகள் பார்க்க, அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்படியானால் அந்த ஆறேகால் இருந்திருந்தால் வளையாமலும் இருந்திருக்கலாம் அல்லவா என்றான். நீ ஒளித்து வைத்த வாஷரின் 25 கிராமைச் சக்கரத்தைச் சுற்றிக் காப்பாகப் போட்டிருந்தால் அடியே பட்டிருக்காது என்று பதில் சொல்ல எனக்கு அன்று வாஷர் விஷயம் தெரியாது. ஊருக்கு வந்து சொன்னேன். அவன் ஏற்கவில்லை.

படிப்பு முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. நான் இப்போது பம்பு செய்யும் இடத்தில் இருக்கிறேன், அவன் ஓசூரில். அந்த ஷாஃப்ட் என் மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு 7 மி.மீ. டிரில் பிட். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், அதிரசத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் ஷாஃப்டை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து பிட்டைப் போட்டான். முக்கால் தூரம் வழுக்கிப் போய் வளைவில் நின்றது. காதை அருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கேட்பது போலப் பாவனை செய்தான்.

"டிங் வரவில்லையே" என்றான்.

நான் நோட்டை எடுக்க உள்ளே போனேன்.